முக்கால் அங்குலத்துக்கு மூன்று வாரம்: டஸ்டரின் பின்பக்கம்

என் காரின் பின்னால் புது லீஃப் ஸ்பிரிங் (வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய வில்) இரண்டையும் மாட்டி முடித்து, ஜாக்கியை இறக்கிவிட்டு, பத்தடி தள்ளிப் போய் நின்று பார்த்தேன். சோம்பல் முறிக்கும் பூனை மாதிரி வண்டி பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. நான் வாங்கியது கம்பெனி உயரத்துக்கான ஸ்பிரிங். அளந்து பார்த்தால் முக்கால் அங்குலம் அதிகம். தப்பான ஸ்பிரிங்கை அனுப்பிவிட்டார்கள் என்று ராத்திரி முழுக்கப் பொருமிக்கொண்டிருந்தேன், விற்றவர்களுக்குக் காரசாரமாக ஒரு மின்னஞ்சல்கூட எழுதி வைத்தேன். நல்லவேளை, அனுப்பவில்லை. தப்பு ஸ்பிரிங்கில் இல்லை, ஸ்பேனர் பிடித்த கையில்.

வண்டி 1970 பிளைமவுத் டஸ்டர், கிரைஸ்லர் கம்பெனியின் கார். 340 கன அங்குல வி8 இன்ஜின், கம்பெனி கணக்கில் 275 குதிரைத்திறன். முன்னால் டார்ஷன் பார் (முறுக்கிக்கொண்டு எடையைத் தாங்கும் இரும்புத் தடி), பின்னால் லீஃப் ஸ்பிரிங். அந்தக் காலத்து மஸில் கார்களில், அதாவது பெரிய இன்ஜின் ஏற்றிய அமெரிக்க வண்டிகளில், ஷெவெல், ஜிடிஓ போன்றவற்றுக்குப் பின்னால் சுருள் வடிவக் காயில் ஸ்பிரிங் இருந்தது. டஸ்டர், டார்ட், சார்ஜர், மஸ்டாங், முதல் தலைமுறை கமாரோ எல்லாவற்றுக்கும் லீஃப்தான். மாட்டுவண்டிக் காலத்துச் சமாச்சாரம் என்று கேலி செய்வார்கள். நானும் செய்திருக்கிறேன். இந்த மூன்று வாரத்துக்கு அப்புறம் செய்வதில்லை.

ஏனென்றால் அந்த இரும்புப் பட்டைகள் வண்டியைத் தாங்குவதோடு நிற்பதில்லை. காயில் ஸ்பிரிங்குக்கு எடையைத் தாங்குவது ஒன்றுதான் வேலை, ஆக்சிலை அதன் இடத்தில் பிடித்துவைக்கத் தனியாகக் கம்பிகள் இருக்கும். லீஃப் வண்டியில் அப்படி ஒரு கம்பியும் கிடையாது. ஆக்சில் முன்னே பின்னே போகாமல், பக்கவாட்டில் நகராமல், தன் அச்சிலேயே சுற்றிவிடாமல் பிடித்துக்கொள்வது எல்லாம் அந்த இரண்டு கட்டுப் பட்டைகள்தான். டயர் சாலையை உதைத்து வண்டியை முன்னே தள்ளும் விசைகூட ஸ்பிரிங்கின் முன் கண் (பட்டை முனையைச் சுருட்டிய வளையம், பாடியோடு போல்ட்டில் பூட்டியிருக்கும்) வழியாகத்தான் பாடிக்குப் போகிறது. ஹாட்ச்கிஸ் டிரைவ் என்று இதற்குப் பெயர். அதனால் இந்த வண்டியில் ஸ்பிரிங் மாற்றுகிறேன் என்று இறங்கினால் சஸ்பென்ஷன், ஆக்சில் நிற்கும் கோணம், வண்டி நேராக ஓடுவது எல்லாவற்றிலும் சேர்த்துத்தான் கை வைக்கிறோம். எனக்கு இது பாதி வேலையில்தான் உறைத்தது.

ஆக்சிலரேட்டரை அழுத்தினால் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். டயர் முன்னோக்கிச் சுழல, ஆக்சிலின் கூடு எதிர்த்திசையில் சுழலப் பார்க்கும், அதாவது பினியன் மூக்கு, இன்ஜினின் சுழற்சியைக் கொண்டுவரும் டிரைவ்ஷாஃப்ட் ஆக்சிலோடு சேரும் முன்முனை, மேலே ஏறும். ஆக்சில் ஸ்பிரிங்கோடு இறுக்கிக் கட்டப்பட்டிருப்பதால் ஸ்பிரிங்கின் முன்பாதி மேலே வளையும், பின்பாதி கீழே வளையும், பக்கவாட்டில் பார்த்தால் ஆங்கில எஸ் எழுத்தைப் படுக்கப்போட்ட மாதிரி இருக்கும். ஓர் அளவுக்கு மேல் முறுக்கு ஏறும்போது டயர் பிடி விட்டு வழுக்கும். வழுக்கியதும் ஸ்பிரிங் படாரென்று பழைய நிலைக்குத் திரும்பும். உடனே டயர் மறுபடி பிடிக்கும், மறுபடி முறுக்கு ஏறும். நொடிக்குப் பலமுறை இது நடந்தால் அதுதான் வீல் ஹாப். பின்னிருக்கைக்கு அடியில் யாரோ சம்மட்டியால் அடிப்பது போல இருக்கும். டிரைவ்ஷாஃப்ட் முனைகளில் இருக்கும் யூனிவர்சல் ஜாயின்ட், டிஃபரன்ஷியல், ஆக்சில் எது வேண்டுமானாலும் உடையலாம்.

1967 கமாரோவைப் பலர் இதற்காகத்தான் நினைவு வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு பட்டை. மெலிசான, அழகான யோசனை, சின்ன இன்ஜினுக்குப் போதும். பெரிய வி8 ஏற்றியபோது அது ஆடித் தீர்த்துவிட்டது. மறு வருடமே, 1968-ல், இரண்டு ஷாக் அப்சார்பர்களில் ஒன்றை ஆக்சிலுக்கு முன்னாலும் மற்றொன்றைப் பின்னாலும் மாற்றி வைத்தார்கள். ஆக்சில் முறுக்கும்போது ஒரு ஷாக் அமுங்கும், மற்றது நீளும், ஆட்டம் அடங்கும். பலம் கூடிய மாடல்களுக்குப் பல பட்டை ஸ்பிரிங்கும் வந்தது. 1965 ஷெல்பி ஜிடி350-ல் இதே தொல்லைக்கு ஆக்சிலுக்கு மேலே, அதை முறுக்கவிடாத தனிக் கம்பியாக டிராக்‌ஷன் பார் பூட்டினார்கள், கூடவே கோனி கம்பெனி ஷாக்கும்.

கிரைஸ்லர்காரர்கள் வேறு வழியில் போனார்கள், எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. ஆக்சிலை ஸ்பிரிங்கின் நட்டநடுவில் வைக்காமல் முன்னே தள்ளி வைத்தார்கள். என் வண்டியில் முன் கண்ணிலிருந்து பட்டைகளைக் கோக்கும் சென்டர் போல்ட் வரை சுமார் 20 அங்குலம், அங்கிருந்து பின் கண் வரை சுமார் 35. ஒரு பட்டையின் விறைப்பு அதன் நீளத்தின் மும்மடிக்குத் தலைகீழாகப் போகும். அதே தடிமன், அதே அகலம் என்று வைத்துக்கொண்டால் முன்பாதி பின்பாதியைப்போல ஐந்து மடங்குக்கு மேல் விறைப்பாக இருக்கும். முன்பாதி கிட்டத்தட்ட ஒரு இரும்புத் தடியாக நின்று ஆக்சில் முறுக்குவதைத் தடுக்கும், நீளமான பின்பாதி வளைந்துகொடுத்து மேடுபள்ளத்தைப் பார்த்துக்கொள்ளும். டிராக்‌ஷன் பார் ஸ்பிரிங்குக்கு உள்ளேயே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

தடிமனும் அப்படித்தான், மும்மடிக் கணக்கு. பட்டையின் தடிமனைப் பத்து சதவீதம் கூட்டினால் விறைப்பு முப்பத்து மூன்று சதவீதம் ஏறும். "கொஞ்சம் தடிமனான பட்டை போட்டால் போதும்" என்று யாராவது சொன்னால் எவ்வளவு கொஞ்சம் என்று கேளுங்கள்.

சரி, வேலைக்கு வருகிறேன்.

பழைய ஸ்பிரிங்கைக் கழற்றவே ஒரு சனிக்கிழமை முழுக்கப் போனது. தொடக்கமே கோணல். நண்பன் உதவிக்கு வந்திருந்தான். இடது பின் சக்கரத்தின் நட்டைக் கழற்ற ஸ்பேனரை வைத்து மிதிக்கிறான், மிதிக்கிறான், அசையவில்லை. "மச்சான், இது வெல்டு ஆகிடுச்சு போல"ன்னு மூச்சு வாங்கினான். நீளமான பைப்பைச் செருகி இன்னும் ஒரு மிதி மிதிக்கப் போனபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. அந்தக் காலத்துக் கிரைஸ்லர் வண்டிகளில் இடது பக்கச் சக்கரங்களுக்கு இடமரை. வழக்கத்துக்கு நேர் எதிராகச் சுற்றினால்தான் கழலும். போல்ட் முனையில் எல் என்ற எழுத்துகூடப் பொறித்திருக்கிறது, ஐம்பது வருடத் துரு அதை மூடியிருந்தது. அவ்வளவு நேரமும் அவன் நட்டை இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறான். வலது பக்கம் கழற்றும்போது "இது எந்தப் பக்கம்டா?" என்று ஒவ்வொரு நட்டுக்கும் கேட்டான், பழிவாங்கல்.

முன் கண் போல்ட், கண்ணுக்குள் இருக்கும் ரப்பர் உறையான புஷ்ஷின் உள் குழாயோடு துருவில் ஒட்டிப்போயிருக்கும். எதிர்பார்த்தே இறங்குங்கள். இரண்டு நாள் முன்பிருந்தே துரு இளக்கும் எண்ணெயை அடித்துவைத்தால் பாதி சண்டை மிச்சம். ஆக்சிலை ஸ்பிரிங்கோடு கட்டும் யூ போல்ட்டைக் காப்பாற்ற முயல வேண்டாம். ஒருமுறை இழுத்து முறுக்கிய யூ போல்ட் நீண்டிருக்கும், மரை நசுங்கியிருக்கும், மறுபடி போட்டால் அதே இறுக்கம் வராது. ஆக்சிலை வண்டியோடு சேர்த்து வைத்திருப்பது அது ஒன்றுதான், அங்கே காசு மிச்சம் பிடிக்கக் கூடாது.

மாட்டும்போது முதலில் பார்க்க வேண்டியது சென்டர் போல்ட்டின் தலை. பட்டைகளைக் கோத்துப் பிடிக்கும் அந்த போல்ட்டின் உருண்டைத் தலை, ஆக்சிலின் அடியில் இருக்கும் தட்டின் துளைக்குள் போய் உட்கார வேண்டும். ஆக்சில் எங்கே நிற்கிறது என்பதைத் தீர்மானிப்பது அந்தத் துளைதான். என் வலது பக்கம் தலை துளைக்குள் இறங்காமல் விளிம்பில் ஏறி நின்றது. யூ போல்ட்டை இறுக்கும்போது இறுக்கம் வரவேண்டிய இடத்துக்கு முன்பே வந்தது, நான்தான் கவனிக்கவில்லை. அப்புறம் முன் கண் போல்ட்டிலிருந்து ஆக்சில் குழாய் வரை இரண்டு பக்கமும் டேப் வைத்து அளந்தால் கால் அங்குல வித்தியாசம். அப்படியே ஓட்டியிருந்தால் வண்டி நண்டு மாதிரிப் போயிருக்கும். கழற்றி, உட்காரவைத்து, மறுபடி அளந்தேன். இப்போது வித்தியாசம் பதினாறில் ஒரு பங்கு அங்குலம். போதும். யூ போல்ட்டின் நான்கு நட்டையும் குறுக்குமறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும், ஒரே பக்கத்தை முதலில் இழுத்துவிட்டால் அந்தப் பக்கம் பொய்யாக இறுகும். எவ்வளவு முறுக்கு என்பதை உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் பார்த்து டார்க் ரெஞ்ச்சில் வையுங்கள், யாரோ சொன்ன எண் வேண்டாம்.

இப்போது அந்த முக்கால் அங்குலம்.

முன் கண்ணில் ரப்பர் புஷ். வெளிக்கூடு ஸ்பிரிங்கின் கண்ணுக்குள் இறுகியிருக்கும். உள் குழாயை போல்ட் இறுக்கும்போது பிராக்கெட் இரண்டு பக்கமும் கவ்விக்கொள்ளும். நடுவில் ரப்பர். ஸ்பிரிங் மேலே கீழே போகும்போது ஒன்றும் வழுக்கிச் சுழல்வதில்லை, ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு போய்த் திரும்பி வருகிறது. நான் என்ன செய்தேன்? வண்டி ஸ்டாண்டில், ஆக்சில் அந்தரத்தில் தொங்க, ஸ்பிரிங் முழு வளைவோடு இருக்கும்போதே எல்லா போல்ட்டையும் முழு முறுக்குக்கு இறுக்கிவிட்டேன். கவ்வின இடமே ரப்பருக்கு ஓய்வு நிலை. வண்டியைக் கீழே இறக்கியதும் ஸ்பிரிங் மூன்று அங்குலத்துக்கு மேல் அமுங்க வேண்டும், ரப்பரோ நான் இங்கேதான் இருப்பேன் என்று எதிர்முறுக்குப் போட்டு வண்டியைத் தூக்கிப் பிடித்தது. பின்னால் ஷேக்கிளில் (பின் கண்ணைப் பாடியோடு சேர்க்கும் ஆடும் இணைப்பு) இருக்கும் ரப்பர்களும் கூடச் சேர்ந்துகொண்டன. இப்படியே ஓட்டினால் கொஞ்ச நாளில் ரப்பர் கிழியும், அப்புறம் உயரம் தானாக இறங்கும், நாமும் ஸ்பிரிங் பழகிவிட்டது என்று சந்தோஷப்படுவோம்.

இதைக் கண்டுபிடித்த விதம் தற்செயல்தான். ஷேக்கிள் உராய்கிறதா என்று பார்க்கப் போய் முன் போல்ட் நட்டை லேசாகத் தளர்த்தினேன், வண்டி தரையில் நின்றது. "டொக்" என்று ஒரு சத்தம், வண்டியின் வால் கண்ணெதிரே இறங்கியது. இன்னொரு பக்கம் தளர்த்தினேன், இன்னொரு "டொக்". முன்னே பின்னே இரண்டு தடவை உருட்டி நிறுத்தி அளந்தேன். மின்னஞ்சலை அழித்தேன்.

சரியான வழி இதுதான்: எல்லா போல்ட்டையும் கையிறுக்கமாக வைத்து, வண்டியின் முழு எடையும் சக்கரத்தின் மேல் வந்த பிறகு, வழக்கமாக நிற்கும் உயரத்தில் வைத்துக் கடைசி முறுக்குக் கொடுப்பது. கீழே படுக்க இடம் வேண்டுமே என்றால் நான்கு சக்கரத்துக்கும் அடியில் ஒரே உயரத்துக்குக் கனமான மரக்கட்டை அடுக்கலாம், ஏற்றம் வைத்த ராம்ப் இருந்தால் இன்னும் நல்லது. பின்னால் ஆக்சில் குழாயின் அடியில் ஸ்டாண்ட் வைத்தாலும் எடை ஸ்பிரிங்கின் மேல்தான் இருக்கும், முன்பக்கமும் அதே உயரத்துக்கு வந்துவிட்டால் போதும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்காதீர்கள். பாலியூரித்தேன் புஷ்ஷில் இந்தத் தொல்லை குறைவு, அது முறுக்காமல் சுழலும், ஆனால் கிரீஸ் வற்றினால் பழைய கட்டில் மாதிரிக் கிரீச்சிடும். எனக்கு ரப்பரே போதும்.

உயரத்தை அளப்பதிலும் ஒரு சூது இருக்கிறது. பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதால் ஸ்பிரிங் எங்கே நிற்கும் என்பது எந்தத் திசையிலிருந்து வந்து நின்றது என்பதைப் பொறுத்தது. டிக்கியை அமுக்கி மெல்ல விட்டு அளந்தால் ஓர் எண், பம்பரைத் தூக்கி மெல்ல விட்டு அளந்தால் இன்னோர் எண். என் வண்டியில் இரண்டுக்கும் நடுவே கால் அங்குலத்துக்கு மேல் இருந்தது. இரண்டையும் எடுத்துச் சராசரி பாருங்கள். ஃபெண்டர் வளைவிலிருந்து தரைக்கு அளப்பதையும் நான் விட்டுவிட்டேன், அந்தக் காலத்துத் தகட்டு வேலையில் இடதும் வலதும் ஒன்றாக இருக்கும் என்று யார் சொன்னது? ஃபிரேம் ரெயிலுக்கும் ஆக்சில் குழாய்க்கும் நடுவே அளந்தால் பொய் குறைவு.

உயரம் சரியானதும் அடுத்த வியாதி தெரிந்தது: இடது பின்பக்கம் அரை அங்குலம் தாழ்ந்திருந்தது. மறுபடி ஸ்பிரிங் மேல் சந்தேகம். இந்த முறை கொஞ்சம் நிதானித்தேன். முன்பக்க கிராஸ்மெம்பரின் (குறுக்குச் சட்டம்) நட்டநடுவில் ஜாக்கி வைத்து, முன் சக்கரங்கள் தரையை விட்டு மயிரிழை எழும்பும் வரை தூக்கினேன். இப்போது முன்பக்கம் ஒரே புள்ளியில் நிற்கிறது, பின்பக்கத்தை எந்தப் பக்கமும் அதனால் சாய்க்க முடியாது. பின்னால் போய் அளந்தால் சாய்வு கிட்டத்தட்டக் காணாமல் போயிருந்தது. ஆக, ஸ்பிரிங் இரண்டும் ஒழுங்கு, குற்றவாளி முன்னால் இருக்கிறான். வலது முன் டார்ஷன் பார் அளவுக்கு மேல் முறுக்கப்பட்டு, அந்த மூலையைத் தூக்கி, குறுக்கே இருக்கும் இடது பின் மூலையை அமுக்கிக்கொண்டிருந்தது. அதன் சரிசெய்யும் போல்ட்டை ஒன்றரைச் சுற்று தளர்த்தினேன், வண்டி நேரானது. முக்காலி ஆடாது, நாற்காலிதான் ஆடும், அவ்வளவுதான் கணக்கு.

ஆனால் இடது வலது வித்தியாசம் எப்போதும் தப்பு என்று நினைக்க வேண்டாம். வண்டியைப் பின்னாலிருந்து பார்த்தால் டிரைவ்ஷாஃப்ட் இடஞ்சுழியாகச் சுற்றும். அது ஆக்சிலையும் அதே பக்கம் திருப்பப் பார்க்கும்: இடது டயர் தரையில் அழுந்தும், வலது டயர் எழும்பும். பாடி நேர் எதிராகச் சாயும், வலது பின் மூலை உட்காரும். அதனால்தான் பழைய படங்களில் டிராக் ஸ்ட்ரிப்பில் (நேர்கோட்டுப் பந்தயத் தடம்) கிளம்பும் வண்டிகளின் இடது முன் சக்கரம் முதலில் காற்றில் எழும்புகிறது. இதைச் சமாளிக்கத்தான் கிரைஸ்லர் பந்தயத்துக்கான சூப்பர் ஸ்டாக் ஸ்பிரிங்கை இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என்று வேறு வேறாகச் செய்தது. நின்றபடி பார்த்தால் கோணல், கிளம்பும்போது நேர். நான் டிராக் ஓட்டுவதில்லை, சாலை வண்டிக்குச் சமமான ஜோடியே நல்லது.

அடுத்தது பினியன் கோணம். கியர்பாக்ஸின் வால் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும், பினியன் மூக்கு மேல்நோக்கி இருக்கும், இரண்டும் இணையாக இருந்தால் யூனிவர்சல் ஜாயின்ட்டுகள் ஒன்றின் ஆட்டத்தை மற்றது அழித்துவிடும். ஆனால் லீஃப் வண்டியில் அழுத்தியதும் மூக்கு ஏறும் என்று மேலே சொன்னேனே, அதனால் நிற்கும்போது இணையை விடச் சில டிகிரி தாழ்வாக வைத்தால் ஓடும்போது இணைக்கு வரும். சாலை வண்டிக்கு ஏறக்குறைய 2 டிகிரி, மென்மையான ஸ்பிரிங்கும் பலமான இன்ஜினும் என்றால் 3, 4 வரை போகலாம். எனக்கு கியர்பாக்ஸ் 3 டிகிரி கீழே, பினியன் மூன்றரை மேலே இருந்தது. அதாவது நிற்கும்போதே இணையைத் தாண்டிவிட்டது. அறுபது மைலில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் தரையில் ஒரு நடுக்கம் வந்ததற்குக் காரணம் தெரிந்தது. ஸ்பிரிங்குக்கும் ஆக்சில் தட்டுக்கும் நடுவே 2 டிகிரி ஆப்பு, தடித்த பக்கம் பின்னோக்கி. பினியன் ஒன்றரைக்கு இறங்கியது, நடுக்கம் போனது. ஆப்பை இரும்பில் வாங்குங்கள், அலுமினியம் நசுங்கி யூ போல்ட்டைத் தளர்த்தும். ஆப்பு வைத்த பிறகும் சென்டர் போல்ட் தலை துளைக்குள் எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும், எட்டாவிட்டால் நீளமான போல்ட். இந்தக் கோணத்தையும் எடை சக்கரத்தில் இருக்கும்போதுதான் அளக்க வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஷாக் விஷயத்தில் நான் சோம்பேறித்தனமாக இருந்தேன், அதற்கும் தண்டனை கிடைத்தது. பட்டியலில் வண்டியின் பெயரைப் போட்டுப் "பொருந்தும்" என்று வந்ததை வாங்கி மாட்டினேன். முதல் வேகத்தடையிலேயே பின்னால் "டம்". வண்டி நிற்கும்போது ஷாக்கின் மேல் போல்ட்டிலிருந்து கீழ் போல்ட் வரை 15 அங்குலம். வாங்கிய ஷாக் முழுக்க அமுங்கினால் பதின்மூன்றரை. மேலே போக ஒன்றரை அங்குலம்தான் மிச்சம், ஆக்சில் மேலே இடிக்காமல் தடுக்கும் ரப்பர் கட்டையான பம்ப் ஸ்டாப்போ இரண்டரை அங்குலத்துக்கு அப்பால் இருக்கிறது. ரப்பர் கட்டை வாங்க வேண்டிய அடியை ஷாக்கின் உள்பாகம் வாங்கிக்கொண்டிருந்தது. இரண்டாவதாக வாங்கியது அமுங்கினால் 12, நீண்டால் பதினெட்டே முக்கால். மேலே 3, கீழே மூன்றே முக்கால். ஆக்சில் தொங்கும்போது மூன்றரை அங்குலம்தான் இறங்குகிறது, ஆக கீழேயும் இடம் இருக்கிறது. டேப்பும் இரண்டு நிமிடமும் இருந்தால் முதலிலேயே தெரிந்திருக்கும். ஷாக் வாங்குவதற்கு முன் இந்த மூன்று அளவையும் எழுதி வையுங்கள்: நிற்கும்போது, பம்ப் ஸ்டாப் தொடும்போது, முழுக்கத் தொங்கும்போது.

ஷாக் எவ்வளவு சாய்ந்து நிற்கிறது என்பதையும் பாருங்கள். செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்ந்தால் அதன் வேலையில் முக்கால் பங்குதான் சக்கரத்துக்குப் போய்ச் சேரும், 45 என்றால் பாதி. மப்ளர் குழாய்க்கு இடம் விடுகிறேன் என்று மேல் போல்ட்டை நகர்த்துகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். பின்பக்கத்தைத் தூக்க ஏர் ஷாக் போடுவதும், நீள ஷேக்கிள் போடுவதும் எழுபதுகளின் மோகம், இன்னும் செய்கிறார்கள். ஷாக் பூட்டும் மேல் பிராக்கெட் வண்டியின் எடையைத் தாங்கச் செய்ததல்ல, விரிசல் விடும். நீள ஷேக்கிள் பின்பக்கத்தோடு ஸ்பிரிங்கின் முன் கண்ணையும் ஆக்சிலை விட மேலே தூக்கிவிடும், அப்போது வளைவில் வண்டி சாயும்போது வெளிப்பக்கச் சக்கரம் பின்னே போகும், உள்பக்கம் முன்னே வரும், பின் ஆக்சில் தானாகவே ஸ்டியரிங் பிடித்து வாலை வெளியே தள்ளும். தோற்றம் பிரமாதமாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன்.

நான் போட்டது ரீபவுண்ட் மட்டும், அதாவது நீளும்போது காட்டும் தடையை மட்டும், திருகி மாற்றக்கூடிய ட்வின் ட்யூப் (இரட்டைக் குழாய்) ஷாக். மாட்டும் முன் நிமிர்த்திப் பிடித்து நாலைந்து முறை மெல்ல இழுத்து அமுக்கினேன், படுக்கவைத்திருந்தால் உள்ளே காற்று இடம் மாறியிருக்கும், முதல் இரண்டு இழுப்பில் நடுவே ஒரு வெற்றிடம் கையிலேயே தெரிந்தது, அப்புறம் சீராகிவிட்டது. திருகை முழுத் தளர்வில் வைத்துத் தொடங்கினேன். வழக்கமாகப் போகும் சாலையில் பாலம் தொடங்கும் இடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. அதில் இறங்கி ஏறினால் வால் மூன்று முறை ஆடியது. இரண்டு கிளிக் ஏற்றினேன், இரண்டு முறை. இன்னும் இரண்டு, ஒரே முறை எழும்பி அடங்கியது. ஆசை விடவில்லை, இன்னும் மூன்று ஏற்றினேன். தொடர்ச்சியான சின்ன மேடுகளில் வண்டி கீழேயே இறங்கிக்கொண்டு போனது: அமுங்கிய ஸ்பிரிங் நீள்வதற்குள் அடுத்த மேடு வந்துவிடுகிறது, ஷாக் அதை நீளவிடவில்லை. மூன்றையும் திருப்பி எடுத்துவிட்டேன்.

வீல் ஹாப் இப்போது இல்லை. காலியான இடத்தில் இரண்டாவது கியரில் அழுத்திப் பார்த்தேன், டயர் வழுக்கியது, ஆனால் சம்மட்டி இல்லை. வழுக்குவது வேறு வியாதி, அதற்கு டயர் மாற்ற வேண்டும், அதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

நூறு மைல் ஓடிய பிறகு யூ போல்ட்டுகளில் மறுபடி டார்க் ரெஞ்ச் வைத்தேன். ஆப்பு, பட்டை, பெயின்ட் எல்லாம் அமுங்கி உட்கார்ந்திருக்கும். வலது நான்கும் அசையவில்லை. இடதில் பின்பக்க இரண்டு நட் கால் சுற்று ஏறின. எட்டு நட்டிலும் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்து வைத்திருக்கிறேன், அடுத்த முறை எண்ணெய் மாற்றப் படுக்கும்போது கோடு விலகியிருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்தால் போதும்.